சொல்லை நம்பி எஞ்சின் வாங்காதீர்!

(கிளிநொச்சியில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளைக் கேட்டு உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். அரசியலையும் உரிமையையும் பற்றிப் பேச வேண்டியவர்கள் லொறி எஞ்சினைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று எண்ணக்கூடும். உரிமை என்பது பாராளுமன்றத்தில் மட்டும் கேட்டுப் பெறும் பொருளன்று. ஒரு விவசாயி தன் உழைப்பின் பயனை மடியிற் கட்டிக்கொண்டு கடையொன்றினுள் நுழைந்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, அதற்கு ஈடான பொருளைப் பெறாமல் திரும்பும்போது அங்கேயும் ஓர் உரிமை பறிபோகின்றது. அந்த இழப்புக்காக ஊர்வலம் போவார் எவருமில்லை. நட்டப்பட்டவர் தம் விதியை நொந்துகொண்டு வீட்டுக்குப் போகின்றார். ஆகவேதான் அதைப் பற்றி இங்கே பேசுவது நமது கடமையாகின்றது.

லொறி நின்றால் எல்லாம் நிற்கும்

வன்னியிலும் குடாநாட்டிலும் ஒரு சிறிய லொறி என்ன செய்கின்றது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காலபோக நெல்லை வயலிலிருந்து ஆலைக்குக் கொண்டுசெல்வது அது. விசுவமடு நிலக்கடலையையும் குடாநாட்டுச் சின்ன வெங்காயத்தையும் ஏ-9 வீதி வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரை கொண்டுசெல்வதும் அதுவே. மரக்கறி காத்திருக்காது. வெங்காயம் சில நாள் காத்திருக்கும், விலை காத்திருக்காது. லொறியின் எஞ்சின் நின்ற அன்றே கூலியும் சந்தையும் நிற்கின்றன. லீசிங் தவணை மட்டும் நிற்பதில்லை.

எஞ்சின் தேய்ந்துபோனால் லொறியையே மாற்றலாம் அல்லவா என்று கேட்பார் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாத நிலையை அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. திறந்த வழியாலும் சிறு விவசாயியின் கைக்கெட்டும் விலையில் லொறி வந்துவிடவில்லை. எனவே உடலும் சட்டமும் உறுதியாயிருக்கும் பழைய லொறிக்கு வேறோர் எஞ்சினைப் பொருத்தி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவோம் என்று நம்மவர் முடிவு செய்வதில் தவறேதுமில்லை. அது சிக்கனமுள்ள முடிவு. அந்த முடிவோடு அவர் கடைக்குப் போனபின்னரே தொல்லை தொடங்குகின்றது.

ஒரே சொல், மூன்று சரக்கு

நமது சந்தையில் “ரீகண்டிஷன்” என்று ஒரு சொல் வழங்குகின்றது. அந்த ஒரு சொல்லின் கீழ் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன என்பதை நீங்கள் நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, கழற்றிய எஞ்சின். யப்பானில் ஓடிக் கழிக்கப்பட்ட வாகனமொன்றிலிருந்து கழற்றப்பட்டுக் கப்பலில் வந்தது. அந்நாட்டில் வாகனப் பரிசோதனை கடுமையானது. 2003 ஒக்டோபர் முதல் தோக்கியோவும் அதனை அடுத்த மூன்று மாகாணங்களும், புகைத் துகள் அளவு கூடிய பழைய டீசல் லொறிகள் தம் எல்லைக்குள் ஓடுவதையே தடை செய்தன. அங்கே ஓடத் தகாததென ஒதுக்கப்பட்ட வாகனத்தின் எஞ்சின் இங்கே பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஆனால் அது எத்தனை இலட்சம் கிலோமீற்றர் உழைத்தது என்பதை அதன் வெளித்தோற்றம் சொல்லாது. கழுவி, வெள்ளிப் பூச்சுப் பூசிவிட்டால் எல்லா எஞ்சினும் ஒரே முகந்தான்.

இரண்டாவது, திருத்திய எஞ்சின். உடைந்த பாகம் எதுவோ அதை மட்டும் மாற்றி, மற்றவற்றை இருந்தபடியே விட்டுப் பூட்டியது. றிங் புதிதாயிருக்கும், லைனர் பழையதாயிருக்கும். அல்லது இரண்டும் புதிதாயிருக்க, கிராங்கின் தேய்வு அளக்கப்படாமலே இருக்கும்.

மூன்றாவதே, முற்றாகப் புதுக்கிய எஞ்சின். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிக் கழுவி அளந்து, தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குள் தேய்வு இருக்கின்றதா என்று பார்த்து, எல்லை கடந்ததை மாற்றி, கிராங்கைத் தேவையான அளவுக்குத் தேய்த்து அதற்கேற்ற பெயரிங் இட்டு, பூட்டியபின் ஓட்டிச் சோதித்துக் கொடுப்பது. இதற்கு உழைப்பும் கருவியும் செலவும் வேண்டும். ஆகவே விலையும் கூடும்.

மூன்றும் மூன்று விலை பெற வேண்டியவை. முதலாவது சரக்கை மூன்றாவதன் பெயரால் விற்கும்போது விவசாயி இழப்பது விலையின் வேறுபாட்டை மட்டுமன்று. ஒரு போகத்தையே இழக்கின்றார்.

நாம் கண்ட ஒரு வழக்கு

முல்லைத்தீவு மாவட்டத்து விவசாயி ஒருவருடைய முறைப்பாடு நம்மிடம் வந்தது. பெயர்களை இங்கே நாம் சொல்லப் போவதில்லை. காலபோக அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன் அவருடைய லொறியின் எஞ்சின் பழுதாயிற்று. கொழும்புக்குச் சென்று, இலட்சக்கணக்கான ரூபாவைக் கொடுத்து, “முழுவதும் ரீகண்டிஷன் செய்தது” என்று கடைக்காரர் கூறிய எஞ்சின் ஒன்றை வாங்கினார். தம் பழைய எஞ்சினைக் கொடுத்தால் விலையிற் கழிவு உண்டு என்றார்கள், அதையும் கொடுத்துவிட்டார்.

கொண்டுவந்த எஞ்சின் அவருடைய லொறியில் நேராக உட்காரவில்லை. ஒரே வகை எஞ்சினாயினும் வந்த வாகனம் வேறு. எண்ணெய்த் தட்டும் தாங்கியும் மாற வேண்டியிருந்தன. பழைய எஞ்சினிலிருந்து அவற்றைக் கழற்றிக்கொள்ளலாம் என்றால் அது கைவிட்டுப் போய்விட்டது. அவற்றைத் தேடி வாங்கவே 2 வாரம் சென்றது. பொருத்தி ஓட்டிய 40ஆம் நாள் எஞ்சின் எண்ணெயைக் குடித்து நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. கராஜில் திறந்து பார்த்தபோது லைனரில் நீளக் கீறல்கள். றிங் பழையது. பெயரிங் தேய்ந்திருந்தது. மேற்பூச்சைத் தவிரப் புதிதாக எதுவும் அதனுள் இல்லை.

கடைக்காரரிடம் மூன்று பதில்கள் கிடைத்தன. “அடுத்த மாதம் கொள்கலன் வருகின்றது, மாற்றித் தருகின்றோம்” என்பது முதலாவது. அந்த அடுத்த மாதம் மூன்று முறை வந்து போயிற்று. “உங்கள் மெக்கானிக் பிழையாகப் பூட்டியிருக்கின்றார், றேடியேற்றர் அடைத்திருக்கின்றது” என்பது இரண்டாவது. மூன்றாவது பதிலாகப் பற்றுச்சீட்டைக் காட்டினார்கள். அதிலே, “எஞ்சின் 1” என்று எழுதியிருந்தது. அடியில், விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழிகளில் அச்சடித்திருந்தது. “முழுவதும் ரீகண்டிஷன்” என்ற சொல் எங்கேயும் இல்லை.

அவர் நம்மிடம் வந்தது நான்காவது மாதத்தில். அந்தத் தாமதம் அவருக்கு என்ன கேடு செய்தது என்பதை இனிச் சொல்லுகின்றோம்.

சட்டம் யார் பக்கம்?

சட்டம் விவசாயியைக் கைவிட்டுவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இன்றும் நமது நாட்டின் சட்டமாகும். விவரணத்தின்படி விற்கப்பட்ட பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. இன்ன தேவைக்கென்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவருடைய திறமையில் நம்பிக்கை வைத்து வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு நியாயமான அளவு தகுதியுடையதாயிருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. வாங்கும்போது சோதித்துப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு வாங்கியவர் பின்னர் முறையிட முடியாது என்பது உண்மை. ஆயினும் பூட்டிய எஞ்சினின் லைனரை எந்த விவசாயி கண்ணாற் கண்டார்?

ஆனால் அதே கட்டளைச்சட்டம் வேறொன்றையும் சொல்கின்றது. இரு பகுதியாரும் வெளிப்படையாக உடன்பட்டால் இந்தப் பாதுகாப்புகளை விலக்கிவிடலாம். பணம் கொடுத்தபின் நீட்டப்பட்ட சீட்டில் அச்சிட்டிருக்கும் ஒரு வரி அத்தகைய உடன்பாடாகுமா என்று நாம் வாதாடலாம். வாதாடவும் செய்வோம். வாதத்துக்கு இடம் வையாமல் வாங்குவதே மேல்.

அடுத்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வர்த்தகர் பாவனையாளரைத் தவறான வழியிற் செலுத்தும் விதமாக நடந்துகொள்வதை இச்சட்டம் தடுக்கின்றது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றதாக முறைப்பாடு கிடைத்தால், அதிகாரசபை விசாரணை நடத்தி, நட்டஈடு செலுத்தும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்கப்படவும் வேண்டும்.

“அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்ற பதிலின் விலை என்னவென்று இப்பொழுது விளங்குகின்றதல்லவா? கடைக்காரர் வேண்டுமென்றே காலம் கடத்தினார் என்று நாம் சொல்லவில்லை. எண்ணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. செலவில்லாத கதவு மூடப்பட்டுவிட்டது. மத்தியஸ்த சபையும் நீதிமன்றும் எஞ்சியிருந்தன. இலட்சக்கணக்கில் கடன்பட்ட ஒருவர், கைச்சாட்சியம் எதுவுமின்றி, தவணைக்குத் தவணை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போவதென்றால் அது எத்தனை நாளைக்கு இயலும்? ஈற்றில் அவர் பெற்றது கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கு. அறுவடை நெல்லை வாடகை லொறியில் ஏற்றிய செலவே அதனை விழுங்கிவிட்டது.

முறைப்பாட்டை எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குவோர் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். ஆகவே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். பெற்ற உரிமையைப் பயன்படுத்தாதிருப்பது, பெறாதிருப்பதற்கு ஒப்பாகும்.

என்ன எழுதி வாங்க வேண்டும்?

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள் நம் முன்னோர். இது தானம் வந்த மாடன்று; விலைகொடுத்து வாங்கும் மாடு. ஆகவே பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன் பின்வருவன எழுத்தில் இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

முதலாவது, சரக்கின் வகை. கழற்றியதா, திருத்தியதா, முற்றாகப் புதுக்கியதா? “ரீகண்டிஷன்” என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். புதுக்கியது என்றால் எந்தெந்தப் பாகம் புதியது, கிராங் எந்த அளவுக்குத் தேய்க்கப்பட்டது என்பவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எஞ்சின் இலக்கம். சீட்டிலுள்ள இலக்கமும் இரும்பில் வெட்டிய இலக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும். எஞ்சின் மாறினால் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மூலம் இலக்கத்தை மாற்ற வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரங்களைக் கடையிலேயே கேட்டுப் பெறாவிட்டால் பின்னர் திணைக்களத்திலும் பொலிசாரிடமும் நீங்களே பதில் சொல்ல நேரும்.

மூன்றாவது, எந்த வாகனத்துக்கு, என்ன வேலைக்கு என்பது. “இன்ன வகை லொறிக்கு, பாரம் ஏற்றுவதற்கு” என்ற சில சொற்கள் சீட்டில் இருந்தால் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் உங்கள் பக்கம் எழுந்து நிற்கும்.

நான்காவது, எவையெவை சேர்ந்து வருகின்றன என்பது. ஹெட் உண்டா, பம்ப் உண்டா, எண்ணெய்த் தட்டு உண்டா? பாதி எஞ்சினா, முழு எஞ்சினா?

ஐந்தாவது, உத்தரவாதம். எத்தனை மாதம், எத்தனை கிலோமீற்றர்? பொருத்தி இயங்கினால் போதும் என்னும் ஒரு வாரத்து உத்தரவாதம் உத்தரவாதமன்று. பழுதானால் கழற்றிப் பூட்டும் கூலியை யார் கொடுப்பது, கொண்டுசெல்லும் செலவு யாருடையது என்பதையும் அப்பொழுதே பேசி எழுதிவிடுங்கள்.

ஆறாவது, பழைய எஞ்சின். புதிதாக வாங்கியது பொருந்தி ஓடி, சில வாரம் உழைத்துக் காட்டும்வரை பழையதைக் கைவிடாதீர்கள். அதன் கழிவுத் தொகையைப் பின்னர் பெறலாம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இயலுமாயின் எஞ்சினைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால் விட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வருகின்றதா, எண்ணெய் பாலைப்போல் வெளிறியிருக்கின்றதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஒருவர் இணங்க மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு வேண்டிய பதில்.

நமது கடமையும் உண்டு

நீதி கேட்பவர் தம் கையையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். முந்திய எஞ்சின் ஏன் பழுதானது என்று அறியாமல் புதியதைப் பூட்டினால் அதே நோய் இதையும் பிடிக்கும். அடைத்த றேடியேற்றரைச் சுத்தம் செய்யாமலும், டீசல் பம்பையும் இன்ஜெக்ரரையும் சோதிக்காமலும், பழைய எஞ்சினின் இரும்புத் துகள் நிறைந்த எண்ணெய்க் குளிராக்கியைக் கழுவாமலும் பூட்டிவிட்டுக் கடைக்காரரைக் குறை கூறுவது நியாயமாகாது. செய்த வேலையைத் திகதியிட்டு எழுதி மெக்கானிக்கிடம் கையொப்பம் வாங்குங்கள். “உங்கள் மெக்கானிக் பிழை” என்ற பதிலுக்கு அந்தக் காகிதமே மறுமொழி.

வர்த்தகர் எல்லோரும் வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. பஞ்சிகாவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வர்த்தகர் உளர். கப்பலில் வந்த எஞ்சினின் உள்ளே என்ன இருக்கின்றது என்பது அவர்களுக்கே தெரியாத சமயங்களும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்பவரோடு நமக்கு வழக்கில்லை. எழுதிக் கொடுக்கும் வர்த்தகரிடமே வாங்குவோம் என்று நாம் எல்லோரும் உறுதிபூண்டால் நல்ல வர்த்தகர் வாழ்வார், மற்றவர் திருந்துவார்.

தனியே போகாதீர்கள்

1990களில் வடக்குக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிய கைகள் நமது மெக்கானிக்குகளின் கைகள். அன்று நமக்குப் பொருள் இல்லை; திறமை இருந்தது. இன்று பொருள் வருகின்றது, திறமையும் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே. அது ஒற்றுமையாக நின்று கேட்கும் பழக்கம்.

புகையிலைத் தோட்டக்காரர் தனித்தனியே நின்று தரகரிடம் விலை இழந்த காலத்தில், 1930களில், யாழ்ப்பாணத்து விவசாயிகள் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் அமைத்துக் கூட்டாக விற்கக் கற்றார்கள். கூட்டாக விற்கக் கற்ற சமூகம் கூட்டாக வாங்கக் கற்கலாகாதா? ஓராண்டில் எஞ்சின் தேவைப்படும் 5 பேர், 10 பேர் சேர்ந்து, தத்தம் கமக்காரர் அமைப்பின் மூலமோ கூட்டுறவுச் சங்கத்தின் மூலமோ ஒரே வர்த்தகரிடம், ஒரே எழுத்து ஒப்பந்தத்தில் வாங்கினால், அவர் தரும் உத்தரவாதம் தானே நீளும். ஒருவரை அலைக்கழிப்பது எளிது. பத்துப் பேரின் வியாபாரத்தை இழக்க எவரும் விரும்பமாட்டார்.

இங்கே அமர்ந்திருக்கும் கற்றோருக்கும் நாம் ஒன்று கூற விரும்புகின்றோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இதே கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இயங்குகின்றது. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே நம் பிள்ளைகளுக்கு மோட்டார்த் தொழில்நுட்பம் கற்பிக்கின்றது. வாங்கிய எஞ்சினைத் திறந்து அளந்து, இது இன்ன நிலையில் இருக்கின்றது என்று கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றைப் பொறியியலாளர் ஒருவர் விவசாயிக்குக் கொடுத்தால், சட்டத்தரணியின் ஒரு மணி நேர வாதத்திலும் அது வலியது. எழுத்து ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் வரைந்து தருவது சட்டத்தரணிகளாகிய நமது பொறுப்பு. அதனை இக்கூட்டத்தின் செயலாளரிடம் இன்றே கையளிக்கின்றோம். பிரதி எடுத்து ஊருக்கு ஊர் கொண்டுசெல்லுங்கள்.

பெருமக்களே! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம்மவர். உங்கள் பணம் ஆற்றுக்குரியதன்று. அது உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் அடுத்த போகத்தின் விதைக்கும் உரியது. அடுத்த முறை ஒரு கடைக்காரர், “முழுவதும் ரீகண்டிஷன், நம்பி வாங்குங்கள்” என்று சொன்னால், நீங்கள் பணிவோடும் உறுதியோடும் ஒன்றே சொல்லுங்கள்: “நம்புகின்றோம், ஐயா; அதையே எழுதித் தாருங்கள்.”